பெற்றுக்கொள்ளத் தெரிந்த அன்பு

(மட்டாஞ்சேரியில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடவுளின் அன்பைப் பற்றியும், அவ்வன்பைப் பெற்றவர்கள் அதனைப் பிறரோடு எவ்விதம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியும் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இப்பொருளை வேதசாஸ்திர முறையில் விளக்குவதற்கு என்னினும் தகுதி வாய்ந்த குருமார்கள் இவ்வவையிலேயே வீற்றிருக்கிறார்கள். நான் சரித்திரத்தில் ஈடுபாடு கொண்டவன். ஆகையால் சரித்திரத்தின் வழியாகவே இதனை அணுக விரும்புகிறேன். அதற்காக நாம் எருசலேமுக்கோ ரோமாபுரிக்கோ போகவேண்டியதில்லை. காயலுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் இந்தச் சிறு நிலப்பரப்பில், ஒரு முற்பகலில் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள், கிறிஸ்தவ அன்பு எங்கே தழைத்தது, எங்கே இடறி விழுந்தது என்பதற்குச் சான்றுகள் வேண்டிய அளவு இருக்கின்றன.

சரித்திரத்துக்குள் புகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடவுளின் இயல்பே அன்பு என்றும், நாம் அவரை நேசிப்பதற்கு முன்பே அவர் நம்மை நேசித்தார் என்றும் யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதுகிறார். இது கிறிஸ்தவ விசுவாசத்தின் அஸ்திவாரம் என்பதை யாவரும் அறிவோம். ஆனால் அந்த அன்பு இவ்வுலகில் பிரவேசித்த விதத்தை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். சர்வ வல்லமையும் உடையவர் என்று நாம் போற்றும் பரம்பொருள், ஒரு தாயின் பாலின்றி உயிர்வாழ இயலாத சிசுவாக வந்தார். பிறக்க இடம் இரவல், எருசலேமுக்குள் ஏறிவந்த கழுதைக்குட்டி இரவல், கடைசி இராப்போஜனம் உண்ட மேல்வீடு இரவல், அடக்கம் செய்யப்பட்ட கல்லறையும் இரவல். சமாரிய நாட்டுக் கிணற்றடியில், தம் இனத்தார் தீண்டத் தயங்கிய ஒரு பெண்ணிடம் அவர் முதலில் பேசிய பேச்சு, குடிக்கத் தண்ணீர் கேட்ட பேச்சு. ஜீவ தண்ணீரைப் பற்றிய உபதேசமெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. கொடுக்க வந்தவர் முதலில் கையேந்தினார். அன்பைப் பகிர்வது என்று நாம் சொல்லும்போது, கொடுப்பதை மாத்திரம் எண்ணுகிறோம். பெற்றுக்கொள்ளவும் தெரிந்த அன்பே கிறிஸ்து காட்டிய அன்பு என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம்.

இங்கேயுள்ள அரண்மனையை 1555-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தார்கள். பின்னர் டச்சுக்காரர் அதனைப் பழுதுபார்த்ததனால் டச்சு அரண்மனை என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதன் வளாகத்திலேயே பழையன்னூர் பகவதியின் கோயில் இருக்கிறது. அதனை ஒட்டினாற்போல 1568-இல் எழுந்தது யூதர்களின் பரதேசி ஜெபாலயம். கொடுங்கல்லூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அங்கே தரிக்க முடியாமற் போனவர்களும், ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் மதத்தின் பெயரால் விரட்டப்பட்டவர்களுமான யூத ஜனங்கள் கொச்சிக்கு வந்து நின்றபோது, கொச்சி மன்னர் அவர்களுக்கு ஊருக்கு வெளியே எங்கோ ஓர் ஒதுக்குப்புறத்தைக் காட்டிவிடாமல், தம் அரண்மனைக்கும் தம் தெய்வத்தின் கோயிலுக்கும் அடுத்த நிலத்தையே அளித்தார். 1662-ஆம் ஆண்டில், டச்சுக்காரருக்குத் துணைபோனார்கள் என்ற கோபத்தில், அந்த ஜெபாலயத்தைப் போர்த்துக்கீசியர் கொளுத்திச் சேதப்படுத்தினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அது மீண்டும் எழுப்பப்பட்டது.

நல்ல சமாரியன் உவமையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு, ஆலய ஊழியம் செய்தவர்கள் விலகிப் போனார்கள். வேற்றானென்று வெறுக்கப்பட்ட சமாரியன் காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணமும் கொடுத்தான். என் அயலான் யார் என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு இயேசுநாதர் சொன்ன மறுமொழியில், அயலானாக நடந்துகொண்டவன் அந்த வேற்றானே. இந்த உவமையை மட்டாஞ்சேரித் தெருவில் நின்று வாசித்துப் பாருங்கள். ஞானஸ்நானம் பெற்ற ஐரோப்பிய அரசுகள் துரத்திவிட்ட மனிதர்களுக்கு இல்லம் கொடுத்தவர் பகவதியை வணங்கிய ஓர் இந்து அரசர். அன்பைப் போதிக்கக் கப்பலேறி வந்தவர்கள் இங்கே முதலில் செய்திருக்கவேண்டியது அந்த அரசரின் செய்கையைக் கண்டு, நாம் உபதேசிக்க வந்த கட்டளையை நிறைவேற்றியவர் ஒருவர் நமக்கு முன்பே இங்கே இருக்கிறார் என்று வணங்குவதுதான். கிறிஸ்தவனாகிய நான் இதனைச் சொல்லும்போது என் விசுவாசம் குறைவுபடவில்லை. கடவுளின் அன்பு நமக்கு முன்பே சென்று வேலைசெய்கிறது என்று நம்புகிறவன், அதனை எதிர்பாராத இடத்தில் காணும்போது மகிழ்ச்சி அடையவேண்டும்.

இப்போது தமிழர்களாகிய நமக்கு நெருங்கிய ஒரு செய்தி. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவர்களான வரலாறு தூத்துக்குடியில் தொடங்கியது என்றே பலர் எண்ணுகிறார்கள். அது தொடங்கியது கொச்சியில். முத்துக்குளிக்கும் உரிமையைக் குறித்து நேர்ந்த பகையினால் அல்லலுற்ற பரதவத் தலைவர்கள், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி இங்கே தூது வந்து, இங்கேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். இது நடந்தது 1536-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதனைத் தொடர்ந்து கொச்சியிலிருந்து சென்ற குருமார்கள் கடற்கரை ஊர்களில் ஏறக்குறைய 20,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். உயிருக்கும் தொழிலுக்கும் பாதுகாப்பு வேண்டி வந்த ஜனங்கள் அவர்கள். அதில் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை. குற்றம் இருந்ததென்றால் அது ஞானஸ்நானம் கொடுத்தவர்களிடத்தில். தலையில் தண்ணீர் ஊற்றியாயிற்று, கப்பல்கள் காவலுக்கு வந்தாயிற்று, ஆனால் அந்த மக்களின் மொழியில் அவர்களோடு உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன.

1542-இல் கோவா வந்து இறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார் அந்த ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். ஓராண்டுக்கு மேல் அங்கே உழைத்தபின் கொச்சிக்கு வந்து, 1544-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் நாள், ரோமாபுரியிலுள்ள தம் தோழர்களுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் உலகப் பிரசித்தி பெற்றது. அக்கடிதத்தை வாசித்து ஐரோப்பிய இளைஞர் பலர் வேதபோதகராய்ப் புறப்பட்டார்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். என் மனத்தைத் தொட்டது அதிலுள்ள வேறொரு பகுதி. தமக்குத் தமிழ் தெரியாது, அந்த ஜனங்களுக்குத் தம் மொழி தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை. இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, நாட்கணக்கில் பாடுபட்டு, ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை நெட்டுருப் பண்ணினார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அறிஞர், கையில் மணியை ஏந்திக்கொண்டு, மணலில் தெருத்தெருவாய் நடந்து சிறுவர்களைக் கூவி அழைத்தார். நோயாளிகள் பலர் தம்மைக் கூப்பிட்டபோது, எல்லா இடத்துக்கும் போக முடியாமல், ஜெபம் கற்ற சிறுவர்களையே தம் ஜெபமாலையோடு அனுப்பினார். அந்தச் சிறுவர்கள் இல்லாவிட்டால் சவேரியாரின் பணி இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதுகையில், மொழிபெயர்ப்பவர் இல்லாத நாட்களில் அவர்கள் சொல்வது தமக்கும் தாம் சொல்வது அவர்களுக்கும் விளங்காத தம் வாழ்க்கையை எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறார். அந்தக் கடிதங்களில் அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது ஒன்றே: இந்த மக்களிடம் அன்பாய் இருங்கள், அவர்கள் உங்களை நேசிக்கும்படி நடந்துகொள்ளுங்கள் என்பதே.

அதே ஆண்டில் வடுகர் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது, குமரிமுனைப் பக்கத்து மக்கள் கடற்பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டு, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று மூர்க்கமாய் இருந்ததனால் தோணிகள் முன்னேற முடியவில்லை. பல நாட்கள் போராடியும் பயனின்றித் திரும்பியவர், பிறகு கரைவழியே கால்நடையாய்ப் போய் அவர்களைக் கண்டார். அந்த வாரங்களில் அவர் ஒரு பிரசங்கமும் செய்யாமல் இருந்திருந்தாலும், கடவுளின் அன்பு என்னவென்பதைப் பாறைமேல் கிடந்த ஜனங்கள் அறிந்திருப்பார்கள்.

தம் சொந்த நாட்டாரின் அநீதியை அவர் மூடி மறைக்கவும் இல்லை. 1548-ஆம் ஆண்டு ஜனவரியிலும் மறு ஆண்டு ஜனவரியிலும், இதே கொச்சியிலிருந்து போர்த்துக்கல் அரசன் மூன்றாம் யோவானுக்கு அவர் எழுதிய கடிதங்கள், ஓர் அரசனுக்குக் குரு எழுதியவற்றுள் மிகக் கடுமையானவை என்று சொல்லலாம். அதிகாரிகள் கொள்ளையடிக்கிறார்கள், புதிதாய் மனந்திரும்பியவர்களை வருத்துகிறார்கள், மரணத்தின் பின் இறைவன் முன்னிலையில் நீர் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கருத்தை அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார்.

ஆயினும் அதே சவேரியார்தான், 1546-ஆம் ஆண்டில், கோவாவில் ‘இன்க்விசிஷன்’ என்னும் விசாரணைச் சபை வேண்டும் என்று அந்த அரசனைக் கேட்டுக்கொண்டார். அவர் மறைந்த பின், 1560-இல், அது அமைக்கப்பட்டது. போர்த்துக்கல்லிலிருந்து வந்த யூத வம்சத்துக் கிறிஸ்தவர்கள் அதனால் பட்ட துன்பம் பெரிது. அர்ச்சியசிஷ்டரைப் பற்றிப் பேசும்போது இதனை ஏன் சொல்லவேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். குமரிமுனைப் பாறையில் கிடந்தவர்களுக்காகக் கால் தேயும்படி நடந்த அன்பு, கொச்சி மன்னரின் கண்ணில் பட்ட அந்த யூத மக்களைக் காணவில்லையே என்ற வருத்தத்தினால்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் இறைவனின் திருவுளம் விந்தையானது என்று எண்ணத் தோன்றுகிறது. சவேரியார் விட்டுச்சென்ற பணியை அரை நூற்றாண்டுக் காலம் தாங்கியவரே யூத வம்சத்தில் வந்த ஒருவர்தாம். 1520-இல் போர்த்துக்கல்லின் வில விசோசா என்ற ஊரில் பிறந்த என்றிக்கே என்றிக்கஸ், தமிழர் வழக்கில் அண்டிரிக் அடிகளார், முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். அவருடைய முன்னோர் யூதர் என்பதை அறிந்ததும் அச்சபை அவரை வெளியேற்றியது. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546-இல் இந்தியாவுக்கு வந்தவர் 1600-இல் புன்னைக்காயலில் உயிர் நீக்கும்வரை தாய்நாடு திரும்பவே இல்லை.

தமிழை அவர் கற்ற விதத்தைக் கேளுங்கள். வேற்றுமை உருபுகளையும் வினைத்திரிபுகளையும் தாமே வகைப்படுத்தி, இலத்தீன் இலக்கணத்தின் உதவியால் ஓர் இலக்கணம் எழுதிக்கொண்டார். தம்மோடு இருந்த ஐரோப்பியத் துறவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதும் தமிழிலேயே பேசவேண்டும் என்று கட்டுப்பாடு செய்தார். நாற்பதைத் தாண்டியவர் எவரேனும் புதுமொழி ஒன்றைக் கற்க முயன்றிருந்தால், அதில் அடங்கிய தாழ்மையை அறிவார். தன் மொழியில் பண்டிதனாய் இருந்தவன் பிறன் மொழியில் குழந்தையாகிவிடுகிறான். உச்சரிப்பைக் கேட்டு மீன் விற்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். எட்டு வயதுச் சிறுவன் திருத்துகிறான். சிசுவாய் வந்த கடவுளைப் பிரசங்கிக்கிறவனுக்கு இதனைவிடப் பொருத்தமான பயிற்சி எது? பெத்லகேமின் தத்துவத்தை அடிகளார் தம் நாவினால் அனுஷ்டித்தார்.

அவர் புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு மருத்துவசாலை ஏற்படுத்தினார். அச்சிட்ட நூல்களையும் தந்தார். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 16 பக்கமுள்ள ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. மறு ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், இதே கொச்சியில், தேவமாதாவின் பெயர் தாங்கிய இயேசு சபைக் கல்லூரியில், வினாவும் விடையுமாக அமைந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பிறகு அந்தக் கல்லூரி நிலைக்கவில்லை. தமிழ் அச்சின் தொட்டில்களுள் ஒன்று கொச்சி என்பதைக் கொச்சித் தமிழர்களே மறந்திருக்கிறோம் என்பது எனக்குத் துயரம் தருவது.

அந்த நூல்களைப் பற்றி அறிஞர்கள் எழுதியதில் இரண்டு செய்திகளை நான் போற்றி வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் தமிழோடு பழகியும், அடிகளார் தம்மைத் தனியாக ஆசிரியர் என்று நிறுத்திக்கொள்ளாமல், மனுவேல் என்ற குருவையும் உடன் மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டார். அச்சுச் செலவுக்கு உதவியவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சடக்கிக் கடலடிக்குப் போய் ஈட்டிய பணம் அது. ஆகவே அந்தப் புத்தகத்தை ஐரோப்பா தமிழருக்குக் கொடுத்த கொடை என்று சொல்வது பாதி உண்மைதான். செய்தி ஒரு கரையிலிருந்து வந்தது, மொழியும் பொருளும் மறு கரையிலிருந்து வந்தன, இரண்டும் கலந்த இடத்தில் புத்தகம் பிறந்தது. பகிர்தல் என்று அதனைத்தான் சொல்லவேண்டும்.

இதற்கு மாறானது ஒன்று மட்டாஞ்சேரியில் நடந்தது. 1653-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள்.

தோமையாரின் சீடர் மரபு என்று தங்களைப் போற்றிவந்த மலையாளக் கிறிஸ்தவர்கள், போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சுரியானி மொழியில் திருப்பலி நிறைவேற்றியவர்கள். 1599-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அவர்களுடைய வழிபாட்டையும் வழக்கங்களையும் ரோமை முறைக்குத் திருத்தியது. பழைய சுரியானி ஏடுகள் பல எரிக்கப்பட்டன. அரை நூற்றாண்டு மனக்கசப்பு உள்ளே புகைந்தது. 1652-இல் அகத்தல்லா என்ற கீழைத்திருச்சபை ஆயர் ஒருவர் மயிலாப்பூருக்கு வந்தார். போர்த்துக்கீசியர் அவரைத் தடுத்து வைத்தார்கள். அவரை ஏற்றிய கப்பல் கொச்சித் துறைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, அர்ச்சதியாக்கோன் தோமாவின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் மட்டாஞ்சேரியில் கூடி, அவரைக் கண்ணால் பார்க்கவாவது விடுங்கள் என்று மன்றாடினார்கள். போர்த்துக்கீசியரின் கொச்சிக் கோட்டைக் கதவு திறக்கவில்லை. ஆயரைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. உண்மையில் கப்பல் அவரைக் கோவாவுக்குக் கொண்டுபோயிற்று. ஆற்றாமை கொண்ட ஜனங்கள், இனி இயேசு சபைப் பேராயருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். எல்லோராலும் சிலுவையைத் தொட முடியாதபடி கூட்டம் பெருத்ததனால், சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அக்கயிறுகளைப் பற்றிக்கொண்டு ஆணையிட்டார்கள் என்றும், பாரம் தாங்காமல் சிலுவை வளைந்ததென்றும் சொல்வர். கூனன் குரிசு சத்தியம் என்ற பெயர் அப்படி வந்தது. அந்தப் பெயர் தாங்கிய ஆலயம் இங்கே இருக்கிறது.

இதில் எந்தச் சபைக்கும் வக்காலத்துப் பேசுவது என் நோக்கமன்று. நான் நெடுநாள் சிந்தித்தது ஒன்று. அப்போது பேராயராயிருந்த பிரான்சிஸ்கோ கார்சியா மூடரல்லர். இந்திய மொழிகளைக் கற்றவர், இந்நாட்டுக் கதைகளைப் போர்த்துக்கீசிய மொழியில் பெயர்த்தவர். ஆகவே மொழியைக் கற்றுவிட்டால் அன்பு தானாக வந்துவிடும் என்று அண்டிரிக் அடிகளாரின் கதையிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. மொழியைக் கட்டளையிடுவதற்காகவும் கற்கலாம், கேட்பதற்காகவும் கற்கலாம். 1653-இல் கோட்டைக்கு வெளியே நின்றவர்களுக்குக் கொடுக்க ஆயிரம் இருந்தது. அதைப் பெற்றுக்கொள்ளக் கோட்டைக்குள் ஒருவரும் இல்லை. இரு பக்கத்தாரும் ஒரே ஆண்டவரைத்தான் வணங்கினார்கள் என்பதை எண்ணும்போது, அந்தக் கதவை அன்று ஒருவர் திறந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் எழுகிறது.

இனி நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டைக்கொச்சியில் வெளி என்ற இடத்தில் சலவைத்துறை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் சந்ததியார் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாய்த் துறைகள். ஒவ்வொன்றிலும் தொட்டியும் கல்லும். வெளியே கொடிக்கயிறுகள். இரண்டு புரிகளை முறுக்கிக் கட்டிய அந்தக் கயிற்றின் இடைவெளியில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். கவ்வி ஏதும் வேண்டாம், காயல் காற்று எத்தனை வேகமாய் அடித்தாலும் துணி பறப்பதில்லை. கஞ்சி போட்ட வேட்டிகள் வெயிலில் விறைத்து நிற்கும். பிறருடைய அழுக்கைத் தாங்கள் தொட்டுத் தூய்மை செய்துகொடுத்த அம்மனிதர்களை ஊர் எவ்வளவு காலம் வாசலில் நிறுத்திவைத்தது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ வீடுகளும் அதில் விலக்கல்ல.

இயேசுநாதர் தாம் பாடுபடுவதற்கு முந்திய இரவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடரின் பாதங்களைக் கழுவினார். அந்த நிகழ்ச்சியில் நாம் கழுவியவரையே பார்க்கிறோம்; பேதுருவாகிய இராயப்பரைப் பார்ப்பதில்லை. நீர் என் பாதங்களைக் கழுவவே கூடாது என்று அவர் தடுத்தார். அது பணிவுபோலத் தோன்றினாலும், பெற்றுக்கொள்ள மறுக்கும் மனம் அதில் ஒளிந்திருந்தது. நான் உன்னைக் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்ற கருத்தை ஆண்டவர் சொன்னபிறகே அவர் இணங்கினார். நம்மில் பலர் இராயப்பரின் நிலையில் இருக்கிறோம். ஏழைக்குக் கொடுப்போம், அவன் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கத் தயங்குவோம். சலவைத்துறைக்குப் பண்டிகைக்காலத்தில் அரிசி மூட்டை அனுப்புவது எளிது. அங்குள்ள முதியவர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து, ஐயா, உங்கள் வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அவர் கொடுப்பதை உண்டு வருவது கடினம்.

மலையாளக் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வியாழனன்று இரவு பெசகா அப்பம் பிட்கிறார்களே, அந்த வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. அரிசிமாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவிடாமல் ஆவியில் வேகவைத்த அப்பம். மேலே குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் செய்த சிறு சிலுவை. வெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய பால். வீட்டுக்குப் பெரியவர் ஜெபித்துப் பிட்டு, மூத்தவர் தொடங்கி இளையவர்வரை வரிசையாகக் கொடுப்பார். அந்த ஆண்டு துக்கம் நேர்ந்த வீட்டில் அப்பம் சமைப்பதில்லை. அவ்வீட்டாருக்கு உறவினரும் அயலாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எவ்வளவு செல்வராயினும் அந்த ஓர் ஆண்டு அவர்கள் பெறுகிறவர்களாக இருந்தாக வேண்டும். திருச்சபையின் எந்தச் சட்டநூலும் இதனைக் காட்டிலும் நுட்பமாக அன்பைக் கற்பித்துவிட முடியாது என்று நான் கருதுகிறேன். இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் அவ்வீடுகளின் பாட்டிமார்களாகத்தான் இருக்கவேண்டும்.

அப்படியானால் சுவிசேஷத்தை வாயால் சொல்லவே வேண்டாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னைக் கேட்டார். வேண்டும் என்றே சொன்னேன். தான் நேசிக்கப்பட்டதை அறிந்தவன் அதனைச் சொல்லாமல் இருக்கமாட்டான். சமாரியப் பெண் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னாளே. ஆனால் ஆசை காட்டியும் அச்சம் காட்டியும் சொல்வது சுவிசேஷமாகாது. கேட்கிறவன் மறுமொழி சொல்லவும், மறுக்கவும், நமக்கு ஒன்றைக் கற்பிக்கவும் இடம் இருக்கவேண்டும். அவன் இணங்காமற் போனாலும் நம் அன்பில் ஓர் இம்மியும் குறையக் கூடாது. இணங்கினால்தான் அன்பு என்றால் அது வியாபாரம். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகுக்கும் இஞ்சிக்கும் பேசும் விலைபோல ஆகிவிடும்.

அந்த நண்பர் விடவில்லை. இன்று யாரிடம் போவது, எப்படித் தொடங்குவது என்று கேட்டார். அதற்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்கள் கொச்சி நகரெங்கும் இருக்கிறார்கள். ஒரே அறையில் பலர் படுத்துறங்கி, கட்டடத்திலும் மீன்துறையிலும் உணவுச்சாலையிலும் உழைக்கிறார்கள். கேரள அரசு அவர்களை அதிதித் தொழிலாளர் என்று அழைக்கிறது. அந்தப் பெயருக்கேற்ற உபசாரம் அவர்களுக்குக் கிடைக்கிறதா என்பதை நாம்தான் பார்க்கவேண்டும். நம் முன்னோர்களும் இதேபோலப் பிழைப்பைத் தேடி இந்த ஊருக்கு வந்தவர்கள். இந்த அவையிலுள்ள இளைஞர்களுள் ஐந்து பேர், வருகிற தவக்காலத்தில், அவர்களிடமே போய், எங்களுக்கு உங்கள் மொழியைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். துண்டுப்பிரசுரம் கொண்டுபோக வேண்டாம். ஒரு நோட்டுப்புத்தகமும் பென்சிலும் போதும். அவர்கள் ஆசிரியர்களாக இருக்கட்டும். பெரிய வியாழன் வரும்போது, நாற்பது நாள் பாடம் கேட்ட பழக்கத்தில், அவர்கள் மொழியிலேயே அவர்களை அப்பத்துக்கு அழைக்க உங்களால் முடியும். அவர்கள் உங்களைத் தங்கள் பண்டிகைக்கு அழைத்தால், மறுக்காமல் போய் வாருங்கள். இதற்கு முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கருகே வந்து பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.